பாரிஸில் யாரிடம் நிற்கலாம், யாரிடம் நிற்கக் கூடாது?

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் தஞ்சாவூர். வரும் செப்டம்பரில் நானும் என் கணவரும் தங்கையும் பாரிஸ் வருகிறோம். ஜெர்மனியில் வேலை செய்யும் மகள் மூன்றாம் நாள்தான் வந்து சேர முடியும். முதல் இரண்டு நாள் நாங்களே சமாளிக்க வேண்டும். பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் ஓரளவு பேசுவோம். பாரிஸ் என்றாலே திருட்டு என்கிறார்கள். லூவ்ர் அருங்காட்சியகத்திலேயே நகை போய்விட்டது, உன் கழுத்தில் இருப்பது தங்குமா என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். தாலிச் செயினோடு வரலாமா? புடவை கட்டலாமா? அந்த ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்பது உண்மையா? கணவருக்குச் சர்க்கரை உண்டு. மூவரும் சைவம்.

பாரிஸில் சுற்றுலா வழிகாட்டியாகப் பணிபுரிபவரின் பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2025 அக்டோபர் 19 அன்று பட்டப்பகலில் லூவ்ரிலிருந்து அரச நகைகளைத் திருடிக்கொண்டு போனார்கள். ஆனால் உங்களுக்கும் அந்தத் திருட்டுக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதே லூவ்ரில் 2013 ஏப்ரலில் நடந்தது. ஜேப்படிக்காரர்களின் தொல்லை தாங்க முடியாமல் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள், ஒரு நாள் அருங்காட்சியகமே மூடிக் கிடந்தது. பயணிகள் சுற்றும் இடங்களில் பகல் நேரத்தில் கத்தியைக் காட்டிப் பறிப்பது அபூர்வம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பையில் கை விடுவது தினமும் நடக்கிறது.

என்னோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தானாக உங்களைத் தேடி வருகிறவரிடம் நிற்காதீர்கள். உதவி வேண்டுமென்றால் நீங்களே ஒருவரைப் பார்த்து, அவரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு லட்சம் பேர் இருக்கும் ஊரில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆள் திருடராக இருப்பதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். உங்களைத் தேர்ந்தெடுத்து வருகிறவருக்கு ஏதோ தேவை இருக்கிறது.

சொல்வது எளிது, நமக்குச் செய்வது கஷ்டம். "அம்மா, ஒரு நிமிஷம்" என்று யாராவது கூப்பிட்டால் நாம் நின்றுவிடுவோம். நிற்காமல் போனால் மரியாதைக் குறைவு என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறார்கள்? இங்கே ஏமாந்த நம்மவர்களை நான் பார்த்தவரை, பேராசையால் ஏமாந்தவர்கள் குறைவு. மரியாதைக்காக நின்று ஏமாந்தவர்கள்தான் அதிகம். அதனால் இந்த ஒன்றை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மனதில் முடிவு செய்துகொண்டு வாருங்கள்: நிற்காமல் நடப்பது பாரிஸில் மரியாதைக் குறைவு இல்லை. இந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

முதல் சோதனை விமான நிலையத்திலேயே வந்துவிடும். சார்ல் து கோலில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டியதும், நன்றாக உடுத்திய ஒருவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் "டாக்ஸி, டாக்ஸி?" என்பார். கழுத்தில் ஏதோ அட்டைகூடத் தொங்கலாம். பதில் சொல்லாமல் நடங்கள். உரிமம் பெற்ற டாக்ஸிக்காரர்கள் உள்ளே வந்து ஆள் பிடிப்பதில்லை. வெளியே வரிசையில் நிற்பார்கள், அம்புக்குறிப் பலகைகளைப் பார்த்தே அங்கே போய்விடலாம். வண்டியின் கூரையில் விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் காலி, சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது. கட்டணம் அரசு நிர்ணயித்தது. உங்கள் விடுதி சேன் நதியின் வலது கரையில் இருந்தால் 56 யூரோ, இடது கரையில் இருந்தால் 65. பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது, வழியில் நெரிசலில் மாட்டினாலும் அதே தொகைதான். ரயிலில் வந்தால் ஆளுக்கு 14 யூரோ, மூன்று பேருக்கு 42. மிச்சமாகும் அந்தச் சின்னத் தொகைக்காக, இரவெல்லாம் தூங்காமல், பெட்டிகளோடு ஆர்இஆர் பி ரயிலில் ஏற வேண்டாம். ரயிலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் விமானத்திலிருந்து வருகிறவர்கள் களைத்திருப்பார்கள், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் போனுமாக இருப்பார்கள் என்பது ஜேப்படிக்காரர்களுக்கும் தெரியும். ஊர் திரும்பும்போது மகளோடு அதில் போங்கள்.

ஊருக்குள் வந்த பிறகு தேடி வருகிறவர்கள் பல வேஷத்தில் வருவார்கள். நான்கைந்தைச் சொல்லிவிடுகிறேன், பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

லூவ்ர், ஓப்பரா, நோத்ர்தாம் பக்கங்களில் அட்டையும் பேனாவுமாக இளம்பெண்கள் கூட்டமாக வருவார்கள். "இங்கிலீஷ் பேசுவீர்களா?" என்று ஆரம்பிப்பார்கள். காது கேளாதவர்களுக்கான மனு, ஒரு கையெழுத்து போதும் என்பார்கள். அந்த அட்டையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். உங்கள் நெஞ்சுக்குக் கீழே, படுக்கைவாட்டில், கைப்பைக்கு நேர் மேலே. நீங்கள் குனிந்து பெயர் எழுதும்போது உங்கள் பை உங்கள் கண்ணுக்கே தெரியாது. அட்டைக்கு அடியில் இன்னொருத்தியின் கை வேலை செய்துகொண்டிருக்கும்.

மோந்மார்த்ர் குன்றில் சக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிகளின் அடியில் வண்ண நூலோடு ஆண்கள் நிற்பார்கள். நட்புக்காக என்று சொல்லி உங்கள் விரலில் நூலைச் சுற்றிப் பின்னத் தொடங்கிவிடுவார்கள். முடிச்சு விழுந்த பிறகு காசு கேட்பார்கள், கொடுக்காமல் கையை இழுக்க முடியாது. கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளும் பழக்கத்தில் நம் பெண்கள் கேட்டவுடன் மணிக்கட்டை நீட்டிவிடுகிறார்கள். உங்கள் தங்கையிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அந்த இடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, "நோன் மெர்சி" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நடந்தால் போதும். படிகளுக்குப் பக்கத்திலேயே மேலே போகும் இழுவை ரயில் உண்டு, மெட்ரோ டிக்கெட்டே செல்லும். முழங்கால் வலி இருந்தால் அதுதான் நல்லது.

ஆற்றங்கரையில் உங்களுக்கு முன்னால் நடப்பவர் குனிந்து தரையிலிருந்து மோதிரம் ஒன்றை எடுத்து, "உங்களுடையதா?" என்பார். தங்கம் என்று சொல்லிக் காசு கேட்பார், அது பித்தளை. ஈஃபில் கோபுரத்துக்கு அருகே தரையில் மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து, பந்து எதில் இருக்கிறது என்று பந்தயம் நடக்கும். சுற்றி நின்று ஜெயிக்கிறவர்கள் எல்லாரும் ஆட்டக்காரனின் ஆட்கள். நீங்கள் காசு வைக்காமல் வேடிக்கை மட்டும் பார்த்தாலும், அந்தக் கூட்டத்தில் உங்கள் பின்பக்கம் யார் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. கார் து நோர் போன்ற பெரிய ரயில் நிலையங்களில் டிக்கெட் இயந்திரத்தின் அருகே ஒருவர் வந்து "நான் எடுத்துத் தருகிறேன்" என்பார். வேண்டாம். நிலைய அலுவலகத்தில் இருக்கும் ஊழியரிடம் போங்கள். அப்புறம், சாதாரண உடையில் வந்து போலீஸ் என்று சொல்லிப் பணப்பையைப் பார்க்கக் கேட்கிறவர். உண்மையான போலீஸ் அடையாள ஆவணத்தைக் கேட்கலாம், பணத்தை எண்ணிப் பார்க்கக் கேட்காது. அப்படி யாராவது கேட்டால் பக்கத்துக் கடைக்குள் போய்விடுங்கள்.

நோத்ர்தாம் பற்றி ஒன்று. 2019 ஏப்ரலில் தீப்பிடித்த அந்தத் தேவாலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வாசலில் டிக்கெட் விற்கிறேன் என்று வருகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

இனி மெட்ரோ. நிலையத்தில் நவிகோ ஈஸி என்ற அட்டை 2 யூரோவுக்குக் கிடைக்கும், அதில் பயணங்களை ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் காட்டி ஒருவர் போய்விட்டு அதைப் பின்னால் இருப்பவருக்குக் கொடுப்பது இங்கே செல்லாது. வெளியே வரும் வழியில் பரிசோதகர்கள் நின்றால் ஒவ்வொருவரும் தன் அட்டையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அங்கேயே அபராதம். தெரியாமல் செய்தோம் என்றால் கேட்க மாட்டார்கள்.

ரயில் பெட்டியில் திருட்டு பெரும்பாலும் கதவருகேதான் நடக்கும். கதவு மூடப்போகும் மணி ஒலிக்கும். அந்த நேரத்தில் கதவுப் பக்கம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து ஒருவன் அதைப் பிடுங்கிக்கொண்டு நடைமேடையில் குதிப்பான், கதவு மூடிக்கொள்ளும், ரயில் கிளம்பிவிடும். ஏறும்போது கதவில் யாராவது திடீரென்று நின்று வழியை மறித்தாலும் உஷாராகுங்கள். முன்னால் நிற்பவன் மறிப்பான், பின்னால் வருபவன் பையைத் திறப்பான். எனவே பெட்டியின் நடுப்பகுதிக்குப் போங்கள், போனை உள்ளே வையுங்கள், கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மணி அடித்த பிறகு ஓடிப்போய் ஏறாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்த ரயில் வரும். மூன்று பேரில் ஒருவர் மட்டும் ஏறிவிட்டால் அவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவுக்குள் சில பழக்கங்களை இந்த ஊர்க்காரர்கள் மிகவும் எதிர்பார்க்கிறார்கள். இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகே ஏறுவது. நகரும் படியில் வலது ஓரமாக நிற்பது, இடது பக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்கு. கதவருகே மடிப்பு இருக்கைகள் இருக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், எழாவிட்டால் முறைப்பார்கள். முக்கியமாக, போனை ஸ்பீக்கரில் போட்டு ஊருக்குப் பேச வேண்டாம். பேரக்குழந்தையோடு வீடியோவில் பேசும் சந்தோஷம் எனக்குப் புரிகிறது, விடுதிக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள். மெட்ரோவில் குரல் உயர்ந்தால் எல்லாத் தலையும் திரும்பும். வெளியூர்க்காரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திருடனுக்கும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வயதுக்கு நான் மெட்ரோவைவிட பஸ்ஸையே சொல்வேன். மெட்ரோவில் படிகள் அதிகம், பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. 69-ஆம் எண் பஸ் ஈஃபில் கோபுரத்தின் பக்கத்தில் கிளம்பி லூவ்ர், நகரசபை, பஸ்தீய் என்று ஊரின் நடுவே போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதுவே ஒரு சுற்றுலா. 2025 ஜனவரியிலிருந்து பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் டிக்கெட் தனித்தனி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முன்வாசல் வழியாக ஏறி, ஓட்டுநருக்கு வணக்கம் சொல்லி, அட்டையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

தாலிச் செயின் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில்: செயினை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். நம் பெண்கள் தங்கம் அணிவார்கள் என்பது இங்கே இருக்கும் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தில் அறுத்துக்கொண்டு ஓடும்போது கழுத்தில் காயம் படும், வயதானவர்கள் கீழே விழுந்துவிடுவார்கள். தங்கம் போவதைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? சின்னத் தோடு, மூக்குத்தி பரவாயில்லை. செப்டம்பரில் காலையும் மாலையும் குளிரும், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை போட்டுக்கொண்டால் கயிறும் வெளியே தெரியாது.

புடவை தாராளமாகக் கட்டலாம். யாரும் தவறாகப் பார்க்க மாட்டார்கள், அழகாக இருக்கிறது என்று நின்று சொல்லிவிட்டுப் போகிற பெண்களும் உண்டு. கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள், தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நகரும் படியில் கொசுவம் மாட்டிக்கொண்டால் ஆபத்து. காலுக்குச் செருப்பு வேண்டாம், நடப்பதற்கான ஷூ. பாஸ்போர்ட்டுக்கு என் யோசனை, உள்பாவாடையின் முன்பக்கம் ஜிப் வைத்த பை ஒன்று ஊரிலேயே தைத்துக்கொள்வது. வெளிநாட்டவரிடம் போலீஸ் ஆவணம் கேட்க இங்கே சட்டம் இடம் தருகிறது, அதனால் பாஸ்போர்ட் கையோடு இருப்பது நல்லது. அது புடவைக்குள் இருந்தால் எந்த ஜேப்படிக்காரனாலும் எடுக்க முடியாது. உங்கள் கணவர் சட்டைப் பையிலும் பேண்ட்டின் பின்பையிலும் எதையும் வைக்க வேண்டாம். அன்றைக்குத் தேவையான பணம் ஒரு இடத்தில், வங்கி அட்டை வேறு ஒருவரிடம் என்று மூவருக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, முகம் கொடுத்துப் பேச மாட்டார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்கள் பாரிஸ்காரர்களைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இங்கே ஒரு கடைக்குள் நுழைந்தால், எதையும் கேட்கும் முன், எதையும் தொடும் முன், "போன்ஜூர்" சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு "போன்சுவார்". பெண்ணாக இருந்தால் "மதாம்", ஆணாக இருந்தால் "முசியே" என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வெளியே வரும்போது, எதுவும் வாங்காவிட்டாலும், "மெர்சி, ஓ ரெவுவார்". இது அலங்காரம் கிடையாது. வணக்கம் சொல்லாமல் காரியத்தைக் கேட்பது, தெரியாத வீட்டுக்குள் நுழைந்து நேரே அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கேட்பது போல.

ஒரு பேக்கரியில் நான் பார்த்தது. நம் ஊர்க்காரர் ஒருவர், நல்ல மனிதர், கண்ணாடிப் பெட்டியைக் காட்டி ஆங்கிலத்தில் "டூ க்ருவாசான், ப்ளீஸ்" என்றார். கல்லாவில் இருந்த அம்மாள் கையை அசைக்கவில்லை. "போன்ஜூர், முசியே" என்றார், நிறுத்தினார். இவர் குரலை உயர்த்தி மறுபடி "டூ" என்றார். அந்த அம்மாளும் மறுபடி, அதே நிதானத்தோடு, "போன்ஜூர், முசியே." மூன்றாம் முறை இவருக்குப் புரிந்தது. "போன்ஜூர், மதாம்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி, இன்று எது சூடாக இருக்கிறது என்றும் எடுத்துக் காட்டினார். ஆங்கிலம் பேசியதால் அவருக்குக் கோபம் வரவில்லை. தன்னை ஆளாக மதிக்காமல் இயந்திரத்திடம் கேட்பது போலக் கேட்டதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

முதலில் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வழி தெரியவில்லையா? தெருவில் நின்று விழிக்காதீர்கள், போனை நீட்டி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடையோ பேக்கரியோ இருக்கும். உள்ளே போங்கள், "போன்ஜூர் மதாம்" சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில் கேளுங்கள். குழந்தையோடு போகும் தாயிடம் கேளுங்கள், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெரியவரிடம் கேளுங்கள். கூடவே நடந்து வந்து திருப்பத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தெருவில் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் இங்கே இல்லை. அதை வைத்து மட்டும் இவர்களை எடை போட்டுவிடாதீர்கள்.

சந்தைக்குப் போனால் காய், பழத்தைத் தொட்டு அமுக்கிப் பார்க்காதீர்கள். நமக்கு இது கஷ்டம்தான், ஆனால் இங்கே விற்கிறவர்தான் எடுத்துத் தருவார். "இன்றைக்குச் சாப்பிட வேண்டும்" என்று சொன்னால் பழுத்ததாக, "நாளைக்கு" என்றால் கொஞ்சம் காயாகப் பார்த்துத் தருவார். பேரம் வேண்டாம்.

கணவரின் சர்க்கரை விஷயத்தில் கவனிக்க வேண்டியது நேரம். உணவகங்களில் சமையலறை மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரண்டரை வரை. பிறகு மூடிவிட்டு இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறப்பார்கள். நாலு மணிக்குப் பசித்தால் பல இடங்களில் காபி மட்டும்தான் கிடைக்கும். பையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும், பேக்கரிகள் பெரும்பாலும் நாள் முழுவதும் திறந்திருக்கும். மாத்திரைகளும் இன்சுலினும் கைப்பையில், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். சாப்பிடப் போன இடத்தில் "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் குடுவையில் இலவசமாக வைப்பார்கள். தெருவோரக் கரும்பச்சை நீரூற்றுகளிலும் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

சைவம் என்று சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று தெளிவாகிவிடும். பேக்கரியில் கீஷ் லோரேன் பார்க்க முட்டைப் பணியாரம் மாதிரி இருக்கும், உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு. சூப்பில் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தெருவோரக் கழிப்பறைகள் இலவசம். ஒவ்வொருவர் வெளியே வந்த பிறகும் கதவு மூடி உள்ளே தானாகக் கழுவிக்கொள்ளும், பிறகுதான் பச்சை விளக்கு எரியும். ஒருவர் வெளியே வரும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நுழைந்தால் நனைந்துவிடுவார்.

சாலையைக் கடக்கும்போது, வண்டிகள் இங்கே வலது பக்கம் ஓடுகின்றன, முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைப்பது திருட்டைவிடப் பெரிய ஆபத்து. லூவ்ரை ஒட்டிய ரிவோலி தெருவில் சைக்கிள்களுக்கென்றே அகலமான பாதை இருக்கிறது. சத்தமே இல்லாமல் வேகமாக வருவார்கள், நிறுத்த மாட்டார்கள். படம் எடுக்க அந்தப் பாதையில் நிற்கவே நிற்காதீர்கள்.

நம் சாப்பாடு வேண்டுமானால் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பேல் பகுதிக்குப் போங்கள். ஃபோபூர் சேன் தெனி தெருவில் காலை வைத்ததும் தமிழ்ப் பலகைகளும் கறிவேப்பிலை வாசனையும் வரும். சைவ உணவகங்கள், மளிகைக் கடைகள், சற்று தள்ளி மாணிக்க விநாயகர் ஆலயம். கடைக்காரர்களில் பெரும்பாலோர் 1980-களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள். தமிழில் தயங்காமல் பேசுங்கள், அண்ணா, அக்கா என்றே கூப்பிடலாம். ஆனால் "எப்படி வந்தீங்க, எந்த வருஷம் வந்தீங்க, பேப்பர் கிடைச்சிடுச்சா, ஊருக்குப் போவீங்களா" என்று பேச்சுக்குக் கேட்டுவிடாதீர்கள். நமக்கு அது சாதாரண விசாரிப்பு. அவர்களில் பலருக்கு அதற்குப் பின்னால் இறந்துபோன சொந்தங்களும் பல வருட அலைச்சலும் இருக்கின்றன. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இது மற்ற எல்லா நாசூக்கையும்விட முக்கியமாகப் படுகிறது. பகலில் போய், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். இரவில் ரயில் நிலையத்தைச் சுற்றியும் பார்பெஸ் பக்கமும் நடமாட்டம் அவ்வளவு நன்றாக இருக்காது.

ஈஃபில் கோபுரத்தின் இரவு விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்றால் எதிர்க்கரையில் த்ரோகாதெரோ மேடையிலிருந்து பாருங்கள், அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும். கோபுரத்துக்குக் கீழே உள்ள புல்வெளிப் பக்கம் இருட்டிய பிறகு வேண்டாம். செப்டம்பரில் எட்டு, ஒன்பது மணி வாக்கில் இருட்டிவிடும். இருட்டிய பின் ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மினுமினுக்கும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்த நேரத்தில் மூவரில் ஒருவர் மட்டும் பைகளைப் பிடித்துக்கொள்ளட்டும். அடுத்த மணிக்கு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது பறிபோனால் துரத்தாதீர்கள். முதலில் ஊரில் இருக்கும் வங்கிக்குப் போன் செய்து அட்டையை முடக்குங்கள். அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி மூவரும் வைத்திருங்கள், போகிற பொருள் போனாகவே இருக்கலாம். பிறகு பக்கத்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள், பயணக் காப்பீட்டுக்கு அது தேவை. பாஸ்போர்ட் போனால் அந்த நகலோடு 16-ஆம் வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். எந்த அவசரத்துக்கும் 112. உடல்நிலைக்கு 15, போலீஸுக்கு 17.

முதல் நாள் எங்கும் ஓடாதீர்கள். விடுதியைச் சுற்றி இரண்டு தெரு நடந்து, எந்தப் பேக்கரி, எந்த மருந்துக்கடை, எந்த பஸ் நிறுத்தம் என்று பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் "போன்ஜூர்" சொல்லிப் பழகிக்கொண்டு வந்து படுங்கள். இரண்டாம் நாள் 69-ஆம் எண் பஸ்ஸும் நோத்ர்தாமும் போதும். லூவ்ருக்கு மகள் வந்த பிறகு போகலாம், செவ்வாய்க்கிழமை மட்டும் மூடியிருக்கும், முன்கூட்டியே ஆன்லைனில் நேரம் பதிவு செய்துவிடுங்கள்.

விடுதி எந்த வட்டாரத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண், அதை எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து எந்த பஸ், இரவில் எந்தத் தெரு வழியாகத் திரும்புவது நல்லது என்று சொல்கிறேன்.